பிரித்துப் பூட்டிய பழைய புல்லட் எஞ்சின் முதல்முறை ஓட மறுக்கும்போது

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொண்டு தொடங்குகிறேன். உங்கள் தந்தையார் ஓட்டிய 1974ஆம் ஆண்டு புல்லட் 350 பதினைந்து ஆண்டுகள் கொட்டகையில் நின்றுவிட்டது. சிலிண்டரை ரீபோர் செய்து (துளையைக் கடைந்து சீராக்கி), புதிய பிஸ்டன், வால்வுகள், பிக் எண்ட் புஷ் (கனெக்டிங் ராடு கிராங்க்கில் சேரும் முனைக்கான உலோக வளையம்) ஆகியவற்றைப் போட்டு, எஞ்சினை நீங்களே பூட்டியிருக்கிறீர்கள். இரண்டு மாலைகளாக உதைத்தும் ஓடவில்லை; கார்ப்பரேட்டர் வழியே 'புஸ்' என்று துப்புகிறது; ஒருமுறை கிக்கர் திருப்பியடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது; ஒரே ஒருமுறை ஏழெட்டு விநாடி ஓடி அணைந்தது. கார்ப்பரேட்டரைப் புதிதாக வாங்கலாமா, வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். எண்ணெய் சரியாக ஓடுகிறது என்று உறுதியாகும் வரை ஸ்டார்ட் செய்யக் கிக்கரை உதைக்கவும் வேண்டாம்.

நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த வண்டி இன்று ஓடவில்லை என்றால், எது தேய்ந்தது, எது அடைத்துக்கொண்டது என்று தேடுவோம். பிரித்துப் பூட்டிய எஞ்சினில் அந்தத் தேடல் பெரும்பாலும் பயன்படாது. இங்கே சந்தேகத்துக்கு உரியவை நம் கைபட்ட இடங்களும், புதிதாகப் போட்ட பாகங்களும்தான். புதிய பாயிண்ட் செட் (மின்னோட்டத்தை வெட்டித் தீப்பொறியை எழுப்பும் தொடுமுனைகள்), புதிய கன்டென்சர், புதிய கேஸ்கெட் என்று பெருமையோடு போட்டவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது மனத்துக்கு ஒவ்வாது; ஆனாலும் என் அனுபவத்தில் பத்தில் எட்டுத் தவறுகள் அங்கேதான் இருந்திருக்கின்றன.

முதலில் எண்ணெய். 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, பின்னர் திருவொற்றியூரில் உருவான இந்த வார்ப்பிரும்பு எஞ்சின், 70 மி.மீ. துளையும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட 346 சி.சி. ஒற்றைச் சிலிண்டர். பிக் எண்டில் இதற்கு உருளை பேரிங் கிடையாது. மிதக்கும் புஷ் ஒன்றுதான் உண்டு. உருளை பேரிங் சில விநாடிகள் எண்ணெய் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். இந்தப் புஷ்ஷுக்கு அந்தப் பொறுமை இல்லை. எண்ணெய்த் தொட்டி கிராங்க் கேஸின் பின்புறத்திலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. டைமிங் பக்கத்தில் (கேம் பல்சக்கரங்கள் இருக்கும் பக்கம்) கிராங்க் தண்டின் முனையிலுள்ள வார்ம் நட்டு (திருகுப் பல் வெட்டிய நட்டு) இரண்டு பம்புகளை ஓட்டுகிறது: ஒன்று தொட்டியிலிருந்து எடுத்து ஃபெல்ட் வடிகட்டி வழியாகப் பிக் எண்டுக்கு அனுப்பும், மற்றொன்று கிராங்க் கேஸின் அடியில் சேர்வதை உறிஞ்சி, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களுக்கும், அங்கிருந்து தொட்டிக்கும் திருப்பும்.

இந்த ஏற்பாட்டில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. ராக்கர் குழாயின் யூனியனை (இணைப்பு நட்டை) தளர்த்தி, எண்ணெய் வருகிறது என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது திரும்பும் பம்பு வேலை செய்கிறது என்பதற்குச் சான்றே தவிர, பிக் எண்டுக்கு எண்ணெய் போகிறது என்பதற்குச் சான்று அல்ல. பூட்டும்போது கிராங்க் கேஸுக்குள் ஊற்றிய எண்ணெயையே அது உறிஞ்சிக் காட்டிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் சில நிமிடங்கள் ஓடிய பிறகும் ராக்கரில் எண்ணெய் தொடர்ந்து வந்தால்தான், அனுப்பும் பம்பும் உயிரோடு இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். ஏனென்றால் கிராங்க் கேஸுக்குள் புதிதாக எண்ணெய் வந்து சேர முதன்மையான வழி பிக் எண்டுதான்.

ஆகவே நேரடியாகச் சோதியுங்கள். வடிகட்டியின் மூடியைக் கழற்றி, அறை நிறைய எண்ணெய் ஊற்றி மூடுங்கள். அப்போதுதான் பம்பு வெறுங்காற்றைத் தள்ளிக்கொண்டிருக்காது. ராக்கர் பெட்டிகளைத் திறந்து, கேமின் அசைவை ராக்கருக்குக் கொண்டுசெல்லும் புஷ் ராடு இறங்கும் வழியே சிறிதளவு எண்ணெய் விடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் குழாயை அடைத்து, இக்னிஷனை அணைத்த நிலையில் நாற்பது ஐம்பது முறை நிதானமாக உதையுங்கள். வார்ம் பல்சக்கரம் பம்பை மிக மெதுவாகவே சுழற்றும் என்பதால், பத்து உதையில் ஒன்றும் தெரியாது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். பிறகு வடிகட்டி மூடியின் நட்டை ஓரிரு சுற்று தளர்த்தி மறுபடி உதைத்தால், ஓரத்தில் எண்ணெய் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் எஞ்சினை ஓடவிடும் பேச்சுக்கே இடமில்லை. டைமிங் கவரைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றினால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, கவருக்கும் கேஸுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டில் எண்ணெய்த் துளைகள் எல்லாம் வெட்டப்பட்டிருக்கின்றனவா என்பது. என் முதல் எஞ்சினில் நானே காகிதம் வெட்டிக் கேஸ்கெட் செய்தேன், அழகாகப் பொருந்தியது, ஒரே ஒரு துளையை வெட்ட மறந்திருந்தேன். அந்த மறதிக்கு ஒரு கனெக்டிங் ராடு விலையானது. இரண்டு, ஒட்டுப்பசை. சிலிகான் பசையைப் பற்பசைபோல் பிதுக்கிப் பூசினால், வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கி, எண்ணெய் வழிக்குள் புழுப்போல் நீண்டு கிடக்கும். மூன்று, வார்ம் நட்டின் முனையில் வந்து அமரும் சிறிய கார்க் சீல். கவரிலிருந்து சுழலும் தண்டுக்குள் எண்ணெய் பாயும் இடம் அதுதான். அந்தக் கார்க் காய்ந்து சுருங்கியிருந்தால், எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் அறைக்குள்ளேயே வழிந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக ஓடுவதாகவே தோன்றும். கவரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக மாற்றுங்கள். எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள். வார்ம் நட்டையே கழற்ற நேர்ந்தால், அதன் மரை இடப்பக்கமாகத் திரும்புவது என்பதை நினைவில் வையுங்கள். வழக்கம்போல் திருகி உடைத்தவர்களை அறிவேன்.

எண்ணெய் உறுதியானால், இனி உங்கள் எஞ்சின் காட்டிய அறிகுறிகளுக்கு வருவோம். கிக்கர் திருப்பியடித்ததையும், ஏழெட்டு விநாடி ஓடியதையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு பெரிய சந்தேகம் நீங்கிவிடுகிறது. பாயிண்டைத் திறக்கும் கேம் கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வது. அதனால் கிராங்க்கின் ஒரு முழுச் சுற்று தவறிப் பூட்டிவிட்டால், அழுத்தத்தின் முடிவில் வரவேண்டிய தீப்பொறி, இரண்டு வால்வுகளும் சற்றுத் திறந்திருக்கும் நேரத்தில் வரும். அப்படிப்பட்ட எஞ்சின் இருமும், துப்பும். ஏழெட்டு விநாடி ஓடாது. எனவே அந்தத் தவறு உங்களுடையது அல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் அதன்பிறகு நீங்கள் பாயிண்ட் பெட்டியைக் கழற்றிப் பூட்டியிருந்தால், இதை மறுபடி சோதியுங்கள். டேப்பட் (கேமுக்கும் புஷ் ராடுக்கும் இடையிலுள்ள பாகம்) மூடியைத் திறந்து, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது புஷ் ராடுகளை விரலால் சுழற்றிப் பாருங்கள். இரண்டும் தடையின்றிச் சுழன்றால் அது அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சி. பாயிண்ட் அங்கேதான் திறக்கும் தறுவாயில் இருக்க வேண்டும். ராடுகள் இறுகியிருந்தால் அது மற்ற உச்சி.

கிக்கர் திருப்பியடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், தீப்பொறி வேண்டியதைவிட முன்னதாக வருவதுதான். தானியங்கி அட்வான்ஸ் (வேகம் கூடும்போது எடைகள் விரிந்து தீப்பொறியை முன்கொண்டுவரும் அமைப்பு) பொருத்திய 350 புல்லட்டுக்கு, எடைகள் சுருங்கிய நிலையில், உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். 0.8 மி.மீ. என்பது மிகச் சிறிய அளவு; பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதன் வழியே குச்சி விட்டு அளப்பது ஏமாற்றும். கண்ணால் பார்த்துப் பாயிண்ட் திறந்தது என்று முடிவுகட்டுவதும் ஏமாற்றும். பாயிண்டின் கம்பிக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே ஒரு சிறு 6 வோல்ட் பல்பைக் கட்டி, இக்னிஷனைப் போட்டு, கிராங்க்கை மெல்லத் திருப்புங்கள். பல்பு எரியத் தொடங்கும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். தீப்பொறி டைமிங்கைத் தொடுவதற்கு முன்பே பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்துவிட வேண்டும், 0.35 முதல் 0.40 மி.மீ. வரை ஃபீலர் கேஜால் வையுங்கள். டைமிங் வைத்த பிறகு இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும். அகலமான இடைவெளி தீப்பொறியை முன்னே இழுக்கும். இவ்வளவும் சரியாக இருந்தும் திருப்பியடித்தால், அட்வான்ஸ் எடைகள் விரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பதினைந்து ஆண்டுகள் காய்ந்து இறுகிய கிரீஸ் எடைகளைப் பிடித்துக்கொண்டால், நின்ற நிலையிலேயே எஞ்சின் முழு அட்வான்ஸில் இருக்கும். உங்கள் கணுக்காலைப் பதம் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஏனென்றால் எஞ்சினை ரீபோர் செய்பவர்கள்கூடப் பாயிண்ட் பெட்டியைத் துடைத்துவிட்டு அப்படியே மாட்டுவதுதான் வழக்கம்.

தீப்பொறியின் வலிமையைப் பற்றிச் சொல்ல, உங்கள் வண்டியிலேயே ஓர் அருமையான கருவி இருக்கிறது: ஹெட்லைட்டுக்கு மேலுள்ள ஆம்பியர் மீட்டர். விளக்குகளை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, டீகம்ப்ரசரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் லீவரை) பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம், அதாவது மின்கலம் இறங்கும் பக்கம், சற்றுச் சாய வேண்டும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்ப வேண்டும். முள் அசையவே இல்லை என்றால், மின்னோட்டம் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது புதிய பாயிண்டின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய படலம் இன்னும் இருக்கிறது; பெட்ரோலில் நனைத்த தடித்த காகிதத்தை இடையே விட்டு இழுத்தால் போதும். முள் சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றால், பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது பாயிண்டின் ஸ்பிரிங் முனையில் போட வேண்டிய காப்பு வாஷர் இடம்மாறி, கம்பி உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்த வாஷர் தவறு மிகச் சாதாரணம். இதற்காகப் புதுக் காயில் வாங்கியவர்கள் பலர். எஞ்சின் நின்றிருக்கும்போதே முள் வலப்பக்கம் போனால், மின்கலத்தையோ மீட்டரின் கம்பிகளையோ தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்.

முள் நடுவுக்கு வந்ததும் உதைப்பதுதான் இந்த வண்டியின் பழைய பாடம். சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் முதல் ஸ்டார்ட்டில் பாதித் தோல்வி இதில் இருக்கிறது. முள் சாய்ந்து நடுவுக்குத் திரும்பிய இடத்தில் பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியை ஒட்டி நிற்கிறது. டீகம்ப்ரசரைப் பிடித்தபடியே இன்னும் ஒரு விரற்கடை கிக்கரை நகர்த்தி, உச்சியைத் தாண்டச் செய்து, லீவரை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, அவசரமின்றி, உடல் எடை முழுவதையும் போட்டு அடிவரை உதையுங்கள். பிஸ்டன் அடுத்த அழுத்தத்தைச் சந்திப்பதற்குள் கிராங்க்கின் கனம் வேகம் பிடித்துவிடும். உச்சிக்கு முன்னால் நின்றுகொண்டு பாதி உதை உதைத்தால், டைமிங் சரியாக இருக்கும் எஞ்சினும் திருப்பியடிக்கும்.

டீகம்ப்ரசரைப் பற்றி இன்னொன்று. அதன் கேபிளில் சிறிதளவாவது தளர்வு இருக்க வேண்டும். புதுக் கேபிள் மாட்டி இழுத்துக் கட்டிவிட்டால், வால்வு எப்போதும் மயிரிழை திறந்தே இருக்கும். அழுத்தம் சீறி வெளியேறும். ரிங் சரியில்லை என்று ரீபோர் செய்தவர்மீது பழி விழும். கேபிளை முழுதும் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். கிக்கர் உதைக்கக் கனமானால் விடை கிடைத்துவிட்டது. புதிய ரிங் படியும் வரை அழுத்தம் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பே. பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டதும் கிக்கர் உதைக்கக் கனமானால் கசிவு ரிங்கில், மாற்றமில்லை என்றால் வால்வில்.

கார்ப்பரேட்டர் துப்புவதற்கும் இங்கேயே ஒரு காரணம் மறைந்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் டேப்பட் சரிசெய்யும் முறை: புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஹெட் நட்டுகளை இறுக்கிய அன்று இப்படிச் சரியாக வைத்தாலும், கேஸ்கெட் படியப் படிய ஹெட் சற்றே தாழ்ந்து, ராடு இறுகிவிடும். இன்லெட் வால்வு முழுதும் மூடாமல் நின்றால், எரியும் வாயு கார்ப்பரேட்டர் வழியே வெளியேறும். ஹெட் நட்டுகளை மறுபடி முறைப்படி இறுக்கி, டேப்பட்டைப் புதிதாக வையுங்கள். அதன்பிறகும் துப்பினால்தான் பெட்ரோல் கலவை குறைவு என்று சந்தேகிக்க வேண்டும்.

கலவையைப் பொறுத்தவரை, உங்கள் வண்டியில் பழைய அமல் மோனோபிளாக் இருந்தாலும், பின்னால் மாற்றிய மிக்கார்ப் இருந்தாலும், பைலட் ஜெட்டின் (ஐடிலில் பெட்ரோல் தரும் சிறு குழலின்) துளை மயிரிழை அளவுதான். நின்றுபோன பெட்ரோலின் பிசின் அதை முழுதும் அடைத்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் துளை தெரிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். கார்ப்பரேட்டர் முகப்பு வளைந்திருந்தால் அங்கே காற்று நுழையும்; கண்ணாடிமேல் மணல் காகிதத்தை விரித்து முகப்பைத் தேய்த்தால் சீராகிவிடும். அவ்வளவுதான், இதைவிட அதிகமாகக் கார்ப்பரேட்டரோடு போராட இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

ஏழெட்டு விநாடி ஓடி அணைந்ததற்கு வருகிறேன். கார்ப்பரேட்டரின் மிதவைத் தொட்டியில் இருந்த பெட்ரோல் தீர்ந்ததும் நின்றிருக்கலாம். டேங்கைப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், மூடியிலுள்ள காற்றுத் துளை பெயின்டால் அடைபட்டிருக்க வாய்ப்புண்டு. மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெட்ரோல் டேப்பின் சல்லடையில் துரு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் இவற்றைத் தேடும் முன், எஞ்சின் அணைந்த உடனே கிக்கர் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்திருந்தால், பெட்ரோல் தீரவில்லை, பிஸ்டன் பிடித்திருக்கிறது. ரீபோர் மிக இறுக்கமாக இருந்தாலோ, ரிங் முனைகளுக்கு இடைவெளி போதாமல் இருந்தாலோ இப்படி ஆகும். 70 மி.மீ. துளைக்கு ரிங் முனையிடைவெளி ஏறத்தாழ 0.3 மி.மீ. இருக்க வேண்டும்; பூட்டும்போது அளந்தீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னதும் இதனால்தான். உங்கள் கால் உணரும் இறுக்கத்தை, தள்ளுகிற நான்கு பேரின் பலம் உணரவிடாது.

எஞ்சின் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினால், அதை ஐடிலில் 'டுக் டுக்' என்று விட்டு ரசிக்கத் தோன்றும். முதல் சில நிமிடங்களுக்கு அது கூடாது. கேமும் டேப்பட்டும் தெறிக்கும் எண்ணெயை நம்பியிருப்பவை. ஐடிலைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில், த்ராட்டிலை மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டே ஓடவிடுங்கள். முன்னால் ஒரு மேசை விசிறியை வையுங்கள். நிற்கும் வண்டிக்குக் காற்று வராது. ஓடிய முதல் நிமிடத்திலேயே ராக்கர் யூனியனைத் தளர்த்தி எண்ணெயைப் பாருங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் அணைத்து, கையால் தொடும் அளவுக்கு முழுதும் ஆறவிட்டு, மறுபடி ஓடவிடுங்கள்.

அப்போது வெண்ணீலப் புகை கொட்டும்; பதற வேண்டாம். பூட்டும்போது தடவிய எண்ணெயும், நாம் ஊற்றிய எண்ணெயும் எரிகின்றன. பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகும் புகை குறையாமல், தொட்டியில் எண்ணெய் இறங்கிக்கொண்டே வந்தால், திரும்பும் பம்பு உறிஞ்சாமல் கிராங்க் கேஸில் எண்ணெய் தேங்குகிறது. எல்லா மூட்டுகளிலும் ஒரே சமயத்தில் எண்ணெய் கசிந்தால் கேஸ்கெட்டுகளைக் குறைசொல்லாமல், கிராங்க் கேஸின் பிரீதர் குழாயை ஊதிப் பாருங்கள். அது அடைபட்டால் உள்ளழுத்தம் கிடைத்த வழியெல்லாம் எண்ணெயைத் தள்ளும். சைலன்சர் வளைவு சில நிமிடங்களிலேயே செந்நிறமாகக் கனன்றால், தீப்பொறியைப் பயந்து பின்னுக்குத் தள்ளிவிட்டீர்கள் என்று பொருள். குளிரில் கேட்டுச் சூட்டில் மறையும் 'டக் டக்' பிஸ்டனுடையது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அடியிலிருந்து, த்ராட்டிலைத் திறக்கும்போது கனத்து எழும் 'தொம் தொம்' ஒலி பிக் எண்டுடையது. அதைக் கேட்ட கணமே சாவியைத் திருப்பிவிடுங்கள்.

இந்த வார இறுதியில் மூன்றே வேலை செய்யுங்கள்: வடிகட்டி மூடியில் எண்ணெய் கசிகிறதா என்பது, அட்வான்ஸ் எடைகள் தடையின்றி விரிந்து சுருங்குகின்றனவா என்பது, இன்லெட் புஷ் ராடு குளிரில் சுழல்கிறதா என்பது. இவற்றின் விடைகளோடு, எஞ்சின் அணைந்தபோது கிக்கர் இறுகியிருந்ததா என்பதையும் எழுதுங்கள். கணுக்கால் வீக்கம் முழுதும் வடிந்த பிறகு உதைத்தால் போதும். உதைக்கும்போது செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடும் காலணி அணியுங்கள்.